ஈடுபாடும் ஏளனமும்: ஓர் உளவியல் நோக்கு

‘எனது பொழுதுபோக்கு’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதாது பாடசாலைப் பருவத்தைக் கடந்த மாணவரைக் காண்பது அரிது. ஒரு முத்திரையையேனும் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றியறியாத மாணவன் முத்திரை சேகரித்தலின் பயன்களை வரிசைப்படுத்தி எழுதுகின்றான். ஆசிரியரும் புள்ளி வழங்குகின்றார். அதே வகுப்பில் உண்மையாகவே முத்திரையோ தீப்பெட்டி மேலட்டையோ சேர்க்கும் மாணவனின் பெட்டியை, புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும் பெற்றோர் பறித்து அலுமாரியின் மேற்தட்டில் ஏற்றிவிடுகின்றனர். பொய்யான ஈடுபாட்டிற்குப் புள்ளி, மெய்யான ஈடுபாட்டிற்கு ஏச்சு என்னும் இம்முரண்பாடு தற்செயலானதன்று. அதன் உளவியல் அடிப்படையை ஆராயாது விடுவது, கற்றோர் சமூகம் தன் கடமையிலிருந்து நழுவுவதாகும்.

ஈழத்துத் தமிழ் மத்தியதர வர்க்கத்தின் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் வினா ‘இதனால் என்ன பிரயோசனம்?’ என்பதாகும். ஐந்தாம் தரத்திற் கேட்கப்படும் இவ்வினா சாதாரண தரத்திலும், உயர்தரத்திலும், ‘இசட்’ புள்ளி வெளியாகும் நாள்வரையும் தொடர்கின்றது. பட்டம் பெற்றதும் உத்தியோகம், உத்தியோகம் பெற்றதும் கலியாணம் என ஈடுபாடு ஒவ்வொரு தவணையிலும் ஒத்திவைக்கப்படுகின்றது. இதற்கு இணங்காது பறவைகளைக் கவனிப்பவனும், பழைய பத்திரிகைகளைச் சேர்ப்பவனும், நாட்டார் பாடல்களை ஒலிப்பதிவு செய்பவளும் ‘விசர்’ என்ற ஒரே சொல்லால் முத்திரை குத்தப்படுகின்றனர்.

மேற்படி வினா உண்மையில் பயனைப் பற்றியதுதானா? கிரிக்கெற் ரெஸ்ற் போட்டியொன்றை ஐந்து நாட்களும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பார்ப்பவரிடம் எவரும் பிரயோசனம் கேட்பதில்லை. 1996 ஆம் ஆண்டு இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது விடிய விடியப் பேசிக் களித்தவர்களை எவரும் விசரர் என்றதில்லை. புதிய திரைப்படத்தின் முதற் காட்சிக்கு முண்டியடிப்பதும், கலியாண வீட்டு ஒளிப்பதிவை மூன்று முறை திரும்பப் பார்ப்பதும் இயல்பெனவே கொள்ளப்படுகின்றன. ஆனால் ஒரு மணிநேரம் தரவைக் கடலோரத்தில் நின்று பூநாரைகளை எண்ணியவன் நேரத்தை வீணாக்கியவனாகின்றான். எனவே நேரமோ பயனோ இங்கு அளவுகோல் அல்ல. கூட்டத்தோடு சேர்ந்து செய்தால் அது பொழுதுபோக்கு, தனித்துச் செய்தால் அது பைத்தியம். ‘என்ன பிரயோசனம்?’ என்பது வினாவின் வேடம் பூண்ட கட்டளை: ‘எல்லோரையும் போல் இரு’ என்பதே அதன் பொருள்.

இக்கட்டளை எத்துணை வலியது என்பதை அமெரிக்க உளவியலாளர் சொலமன் ஆஷ் 1950களின் தொடக்கத்தில் நடத்திய பரிசோதனைகள் காட்டின. மூன்று கோடுகளுள் எது குறிப்பிட்ட நீளத்தது என்பதைக் குழந்தையும் கூறிவிடும். எனினும் முன்னரே ஏற்பாடு செய்யப்பட்ட குழுவினர் ஒருமித்துத் தவறான விடையைக் கூறியபோது, பரிசோதிக்கப்பட்டோருள் நான்கில் மூன்று பங்கினர் ஒருமுறையேனும் அத்தவறான விடைக்கு இணங்கினர். கண்ணாற் கண்ட கோட்டிலேயே இந்நிலையெனின், ‘எது சுவையானது, எது பெறுமதியானது’ என்னும் வினாவில் தனிமனிதன் கூட்டத்திற்கு எதிரே நிற்பது எங்ஙனம்? ஆயினும் அதே பரிசோதனைகள் மற்றொரு செய்தியையும் தந்தன. குழுவில் ஒரேயொருவர் சரியான விடையைக் கூறியபோது, கூட்டத்திற்கு இணங்கும் போக்கு பெருமளவு குறைந்துவிட்டது. ஒரு துணை போதும்.

ஏளனஞ் செய்வோரின் உளநிலையும் கவனத்திற்குரியது. தாம் தெரிந்த பாதைக்குப் பெருவிலை கொடுத்தோர் அப்பாதையே சிறந்ததெனத் தம்மை நம்பவைக்க முயல்வர் என்பது லியோன் பெஸ்ரிங்கர் 1957 இல் முன்வைத்த அறிகை முரண்பாட்டுக் கோட்பாட்டிலிருந்து பெறப்படுவது. வயலினையோ தூரிகையையோ பரீட்சைக்காகக் கைவிட்ட தந்தைக்கு, அதைக் கைவிடாத மகன் ஒரு நடமாடும் கேள்விக்குறி. அக்கேள்வியை எதிர்கொள்வதிலும் மகனைப் பரிகசிப்பது இலகுவானது.

இதற்கு மறுப்புண்டு, அது இலேசானதுமன்று. காணியும் வீடும் இழந்து, இடம்பெயர்ந்து, 2009 வரை நீண்ட போரின் ஊடாக வந்த ஒரு சமூகத்திற்குக் கல்வி ஒன்றே எவராலும் பறிக்க முடியாத சொத்தாயிருந்தது. அத்தகைய பெற்றோரின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் அறமாகாது. ஆனால் அச்சம் வேறு, ஏளனம் வேறு. ‘இப்போது படி, பிறகு பார்’ என்பது அச்சத்தின் மொழி, ‘உனக்கென்ன விசரா?’ என்பது ஏளனத்தின் மொழி. முன்னது நேரத்தைக் கேட்கின்றது. பின்னது ஆளையே அழிக்கின்றது.

ஏளனத்திலும் கொடிய பகை மற்றொன்றுண்டு. அது பரிசு என்னும் வேடத்தில் வருகின்றது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் அவர்தம் சகாக்களும் நடத்தி 1973 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. வர்ணப் பேனைகளால் வரைவதில் இயல்பான விருப்பங் கொண்ட பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்கு, வரைந்தாற் பொன்முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என முற்கூட்டியே கூறப்பட்டது. சில நாட்களின் பின் எவ்வித பரிசுமின்றிப் பேனைகள் மீண்டும் வைக்கப்பட்டபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் ஏனையோர் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழ அரைவாசியையே வரைதலிற் செலவிட்டனர். விளையாட்டு வேலையாகிவிட்டது, கூலி நின்றதும் வேலையும் நின்றது.

இந்த ஆய்வைத் தமிழ்ப் பிரதேசங்களில் தனியே நிகழ்த்தவேண்டிய தேவையில்லை. அது நாள்தோறும் நிகழ்கின்றது. தமிழ்த்தினப் போட்டிக்காகப் பேச்சை மனனஞ் செய்த மாணவி, போட்டி முடிந்த மறுநாள் அப்பேச்சின் பொருளை நினைப்பதில்லை. பல்கலைக்கழகமும் விலக்கன்று. மன்றங்களின் செயற்குழுப் பதவிகள் தன்விபரக் கோவையின் ஒரு வரிக்காக நாடப்படுகின்றன. நாடகப் பிரதியை ஒருமுறையும் வாசியாதோர் நாடக விழாவின் அமைப்பாளராகின்றனர். பொழுதுபோக்குக் கட்டுரையிற் பொய் எழுதிப் புள்ளி பெற்ற மாணவன் வளர்ந்து வந்திருக்கின்றான்; அவ்வளவே.

ஈழத்து அறிவுமரபோ வேறு பாடம் கற்பிக்கின்றது. சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னையில் உத்தியோகம் வகித்தவர்; செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, கலித்தொகையை 1887 இற் பதிப்பித்தது எந்த மேலதிகாரியின் கட்டளையாலும் அன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். மறைந்துபோன யாழின் சுருதிகளைக் கணித்தறிய ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டார். அவ்வுழைப்பின் பேறான ‘யாழ் நூல்’ 1947 இல், அவர் மறைந்த அதே ஆண்டில் வெளியாயிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட பின், எஞ்சியவற்றுட் பல வீடுகளின் மூலைகளிலேயே இருந்தன; அவற்றைக் காத்தோர் பலர் ‘குப்பை சேர்ப்போர்’ என ஏச்சு வாங்கியோரே. 2005 இல் தன்னார்வலர்களாற் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்திற்கு அத்தகைய தனியார் சேகரிப்புக்களும் கைகொடுத்தன.

இவற்றைப் பயன் தந்தமைக்காக மட்டும் போற்றுவது மீண்டும் அதே வணிகக் கணக்கிற்குள் விழுவதாகும். எண்ணற்ற ஈடுபாடுகள் எந்த நூலையும் தராது முடியும். ஒரு மனிதனின் மாலைப்பொழுதை ஒளியூட்டியதோடு அவை நிறைவெய்தும். அதுவும் போதுமானதே. வினா கேட்கப்படும் வேளையில் எந்த ஈடுபாடு எதைக் காக்கும் என்பதைக் கேட்பவரும் அறியார், கேட்கப்படுபவரும் அறியார். அறியாத ஒன்றிற்குத் தீர்ப்பு வழங்குவது அறிவுடைமையன்று.

ஆகவே பல்கலைக்கழகச் சமூகத்திடம் வேண்டப்படுவது பரிசுமன்று, பாராட்டு விழாவுமன்று. ஆஷின் பரிசோதனையில் நின்ற அந்த ஒரு துணையாய் நிற்றலே வேண்டப்படுவது. விடுதி அறையில் பழைய நாணயங்களைப் பரப்பி வைத்திருக்கும் நண்பனிடம் ‘என்ன பிரயோசனம்?’ என்று கேட்பதை விடுத்து, ‘இது எந்தக் காலத்தது?’ என்று ஒருவர் கேட்கட்டும். அவ்வளவிலேயே அவனைச் சூழ்ந்த சிரிப்பு தன் வலிமையை இழந்துவிடும்.