ஆணியில் தொங்கிய சாவி

என் அறைச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் உயரத்தில் அடித்த ஆணி. ஓராண்டுக்கு முன்வரை அதில் ஒரு சாவி தொங்கிற்று. இன்று அது வெறும் ஆணி. வெறும் ஆணியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுப் படியுங்கள். நாமெல்லாம் கூடிச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை அந்த ஆணி எனக்கு நினைவூட்டுகிறது.

அச்சாவிக்கு உரியது ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100. நான் ஓசூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊருக்கும் அந்த வண்டிக்கும் நெடுநாள் உறவு. 1980இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க 50 சி.சி. மொபெட் அது. மிதிவண்டிக்கு மேல் எதையும் எண்ணிப் பாராத எத்தனையோ வீடுகளின் வாயிலில் எஞ்சின் ஓசை முதன்முதலாகக் கேட்டது இத்தகைய சிறு வண்டிகளால்தான். அவ்வழியில் 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்ததே எக்ஸ்.எல். 100.

என் தந்தையார் பாகலூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களிலிருந்து பூக்கூடைகளை விடியுமுன் ஓசூருக்குக் கொண்டு செல்பவர். அவருடைய வண்டிதான் அது. ஆய்வு மாணவனாக நான் பெங்களூருக்கு வந்தபோது, புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு பழையதை எனக்குத் தந்தார். இருக்கையைத் தூக்கினால் காய்ந்த ரோஜா இதழ் ஒன்றிரண்டு உதிரும். அவ்வளவு உழைத்த வண்டி.

அதை ஓட்டத் தனித் திறமை எதுவும் வேண்டுவதில்லை. கியர் இல்லை; கிளச் பிடி இல்லை. எஞ்சின் வேகமெடுத்ததும் உள்ளே சுழலும் கட்டைகள் மையவிலக்கு விசையால் வெளிப்புறம் விரிந்து, சுற்றியுள்ள உருளையைப் பற்றிக்கொள்ளும், வண்டி நகரும். வேகம் குறைந்தால் பிடி தளரும். மிதிவண்டி ஓட்டப் பழகியவருக்கு அரை மணி நேரப் பழக்கம் போதும். ஆகவேதான் அந்தச் சாவி ஆணியில் தொங்கிற்று. உரிமம் உள்ளவர் எவரும் எடுக்கலாம். எடுத்தவர் பெட்ரோல் ஊற்றிவிட்டுச் சாவியை மீண்டும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். இது எவரும் எழுதி ஒட்டாத சட்டம். எனினும் அதை மீறியவர் ஒருவரும் இல்லை.

விடியற்காலையில் சேலத்துப் பேருந்தில் வந்து இறங்கும் புதுமாணவனை அழைத்துவரச் சாந்திநகர் நிலையத்துக்குச் சென்றது அந்த வண்டி. காய்ச்சலில் துவண்ட நண்பனை நள்ளிரவில் மருத்துவரிடம் சேர்த்தது அந்த வண்டி. தேர்வுச் சீட்டை அறையில் மறந்துவிட்டு வந்தவனுக்காகப் பறந்தது அந்த வண்டி. தருமபுரியிலிருந்து வந்த தங்கை ஒருத்தி முதன்முதலாக வண்டி பழகியதும் அதில்தான். இன்று அவள் தன் சொந்த வண்டியில் வகுப்புக்கு வருகிறாள். என்னை அறியாதவர்கள்கூட, "ஓ, அந்த எக்ஸ்.எல். அண்ணனா?" என்று அறிந்திருந்தனர்.

அந்தப் பெயர்தான் என்னை உறுத்தத் தொடங்கிற்று. வளாகத்து வண்டி நிறுத்தத்தில் பளபளக்கும் வண்டிகளின் வரிசைக்கு நடுவே அது கூனி நிற்பதாக எனக்குத் தோன்றியது. "பால்காரர் வந்துவிட்டார்" என்று ஒருவன் கேலி பேசினான், எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பால்காரர் என்பது எப்போது இழிசொல் ஆயிற்று? பூக்காரர் மகன் நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேறு வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். என்னே என் பேதைமை!

காரணம் ஒன்று தயாராக இருந்தது. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 'பழைய வண்டிக்கு அந்தச் செலவு எதற்கு?' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிலுவையில் இருந்த உதவித்தொகை மொத்தமாக வந்தது. கொஞ்சம் கடனும் கிடைத்தது. எக்ஸ்.எல்.லை விற்று, ஒருவர் ஓட்டிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஒன்றை வாங்கினேன்.

புதிய வண்டியைப் பழிப்பது என் நோக்கமன்று. 349 சி.சி. எஞ்சின், 20 குதிரைத்திறன், 195 கிலோ எடை. பழையதோ 100 சி.சி.க்குள் அடங்கியது; நான்கைச் சற்றே தாண்டிய குதிரைத்திறன்; 90 கிலோவுக்கும் குறைந்த எடை. ஓசூர் நெடுஞ்சாலையில் லாரி கடந்து போகும் காற்றில் பழைய வண்டி நடுங்கும், இது அசையாது. விடியற்காலையில் நந்தி மலைக்கு ஏறும்போது அதன் ஓசையைக் கேட்பது இன்பம்தான், மறுக்கமாட்டேன்.

ஆனால் நந்தி மலைக்கு ஆண்டில் எத்தனை நாள் போகிறோம்? மற்ற நாள்களில் எல்லாம் சில்க் போர்டு சந்திப்பில் அல்லவா நிற்கிறோம்! 2022ஆம் ஆண்டில் பெங்களூரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று என்று டாம்டாம் நிறுவனம் கணக்கிட்டது. மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு 20 குதிரைகள் எதற்கு? நான்கே மிகுதி. எஞ்சியுள்ள பதினாறு குதிரைகளுக்கும் நான் மாதந்தோறும் தவணை கட்டுகிறேன். அவை சாலையில் ஓடுவதில்லை. பிறர் கண்ணெதிரே நிற்பதற்கென்றே வாங்கப்பட்டவை.

பணம் போனதைப் பற்றிக்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வேறொன்று போயிற்று.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. கீழ்த்தளத்து அறைத் தம்பி நனைந்துகொண்டே வந்தான். ஊரிலிருந்து வந்த அவன் தாயாரை அழைத்துவரப் போயிருந்தானாம். ஆட்டோ கிடைக்காமல் இருவரும் ஒரு மணி நேரம் மழையில் நின்றிருக்கின்றனர்.

"என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"பெரிய வண்டியாச்சே அண்ணா, எப்படிக் கேட்கிறது?" என்றான்.

அவனிடம் குற்றமில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? உள்ளத்தைத் தொட்டுச் சொல்கிறேன்: தயங்கியிருப்பேன். கீறல் விழுமோ, கீழே போட்டுவிடுவானோ, தவணை இன்னும் முடியவில்லையே என்று ஆயிரம் எண்ணியிருப்பேன். புதிய வண்டியின் சாவி ஆணிக்கு வந்ததே இல்லை. அது என் சட்டைப்பையில் இருக்கிறது. உறங்கும்போது தலையணை அடியில் இருக்கிறது. பழைய வண்டி என் பெயரில்கூட இல்லை. ஆனாலும் நான் பத்துப் பேருக்கு வேண்டியவனாக இருந்தேன். புதிய வண்டி முழுவதும் எனக்கே உரியது; நான் ஒருவருக்கும் வேண்டியவனாக இல்லை. நான் ஏங்குவது அந்த இரும்புக்காக மட்டுமா? அதை வைத்திருந்த நாளில் நான் இருந்த விதத்துக்காகவும்தான்.

மாணவத் தோழர்களே, வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். நாம் படிக்க வந்ததே வளரத்தான். ஆனால் வளர்ச்சியை எடையாலும் ஓசையாலும் அளப்பது தவறு. ஜப்பானில் 1946இல் சோய்ச்சிரோ ஹோண்டா என்ன செய்தார்? போரில் மிஞ்சிய சிறு எஞ்சின்களை மிதிவண்டியில் பொருத்தி விற்றார். அங்கிருந்து எழுந்த நிறுவனம் 1958இல் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. அதன் முதல் எஞ்சின் 50 சி.சி.க்கு மேற்பட்டதன்று. அதிலும் கிளச் பிடி இல்லை. 2017க்குள் அவ்வகை வண்டிகள் 10 கோடி உருவாகிவிட்டன. உலகின் சாலைகளை நிறைத்தது எல்லோரும் ஏறத்தக்க சிறு வண்டியே.

சில மாதங்களுக்கு முன் என் தந்தையார் பெங்களூருக்கு வந்தார். பெரிய வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இருக்கையைத் தட்டிப் பார்த்தார். "நல்லா இருக்குப்பா" என்றார். சற்றுப் பொறுத்து, "அத யாருக்குக் கொடுத்த?" என்று கேட்டார். கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கி விற்கும் ஒருவருக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "பரவால்ல, வேலைக்குத்தான் போயிருக்கு" என்றார். ஏன் விற்றாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விற்றதை மீட்க இயலாது. பூ சுமக்கும் வண்டியைத் திருப்பிக் கேட்பது நியாயமும் ஆகாது. ஆனால் அந்த ஆணிக்கு மீண்டும் ஒரு சாவி கிடைக்க வழி உண்டு. நம் மாணவர் மன்றத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மன்றத்துக்கென ஒரு சிறு பழைய வண்டி வாங்குவோம். இம்மாநிலத்திலேயே பதிவான வண்டியாக இருக்கட்டும். காப்பீடு தவறாமல் கட்டுவோம். பின்னால் அமர்பவருக்கும் சேர்த்து இரண்டு தலைக்கவசம் வைப்போம். உரிமம் உள்ள உறுப்பினர் எவரும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு எடுக்கட்டும். நள்ளிரவில் வந்து இறங்கும் தாயை மழையில் நிறுத்தாமல் இருக்க அது உதவும். மொழி தெரியாத புது ஊரில், 'நமக்கும் ஒரு வண்டி இருக்கிறது' என்னும் துணிவைப் புதுமாணவருக்கு அது தரும்.

"மன்றம் நாடகமும் சொற்போரும் நடத்தத்தானே இருக்கிறது, வண்டி எதற்கு?" என்று கேட்போர் இருக்கலாம். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாவதற்குத்தானே மன்றம் கண்டோம்! ஆண்டு விழாவின் ஒலிபெருக்கிச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்தால், வண்டி விலையில் ஒரு பங்கு கிடைத்துவிடும். என் பங்காக 5,000 ரூபாய் தருகிறேன். மூன்று தவணை தாமதமாகும், ஆகட்டும்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். ஏற்பவர்கள் கை தூக்குங்கள்; மறுப்பவர்கள் எழுந்து பேசுங்கள். மன்ற அறைச் சுவரில் இடம் மட்டும் ஒதுக்கி வையுங்கள். ஆணியை என் அறையிலிருந்து நானே பிடுங்கிக்கொண்டு வருகிறேன்.