சவுண்டு வரலையா? வயரிங்கைக் காட்டுங்க சாமி!

நம்ம பொட்டி தட்டுற ஆளுங்ககிட்ட ஓப்பன் சோர்ஸ்னு சொன்னா உடனே லைசென்ஸ் பத்திதான் பேச்சு வரும். ஜிபிஎல்லா, பிஎஸ்டியா, எது உசத்தின்னு விடிய விடிய சண்டை போடுவோம். என் கட்சி வேற. ஒரு பழைய பொட்டி நிஜமாவே ஓப்பனா இல்லையான்னு தெரியணும்னா அதுல ஒரு பாட்டு போட்டுப் பாருங்க. ஸ்பீக்கர்ல சத்தம் வரலைன்னா அதைச் சரி பண்ணத் தேவையான விவரம் வெளியில கிடைக்குதான்னு பாருங்க. என்னைப் பொறுத்தவரை பரீட்சை அவ்வளவுதான்.

ஏன் சவுண்டு? டிஸ்க், கீபோர்டு, திரை எல்லாம் ஓரளவுக்கு ஒரே மாதிரிதான். சவுண்டுல மட்டும் சிப்பு ஒருத்தர் செய்வார், அதைப் போர்டுல ஒட்டி ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் வயர் இழுக்கிறது இன்னொருத்தர். சிப்போட டேட்டாஷீட் கைல இருந்தாலும், எந்தக் கால்ல எது மாட்டியிருக்குன்னு அந்த இன்னொருத்தர் சொன்னாத்தான் தெரியும்.

நான் சொல்ல வர்ற உதாரணம் ஓஎல்பிசி எக்ஸ்ஓ-1. "குழந்தைக்கு ஒரு லேப்டாப்"னு நிக்கோலஸ் நெக்ரோபான்ட்டி 2005ல கிளப்பினாரே, அந்தப் பச்சை வெள்ளைப் பொட்டி. முயல் காது மாதிரி ரெண்டு ஆன்டெனா இருக்கும். அமெரிக்காவுல இருக்கிற பெரியப்பா பையன் 2007 கடைசியில "ஒண்ணு குடு, ஒண்ணு வாங்கு" திட்டத்துல 399 டாலர் குடுத்து வாங்கினது. அவங்க வீட்டு அட்டத்துல தூங்கிட்டு இருந்ததை போன தடவை ஊருக்கு வந்தப்ப என் தலையில கட்டிட்டுப் போயிட்டார். 433 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி ஜியோட், 256 எம்பி ராம், 1 ஜிபி ஃப்ளாஷ். இன்னிக்கு இதைவிட பெரிய ராம் சுமாரான போன்லயே இருக்கு, சிரிக்காதீங்க :-)

உள்ள இருக்கிற சவுண்டு சமாச்சாரம் ஏசி'97 காலத்து சிப்பு, அனலாக் டிவைசஸோட ஏடி1888. லினக்ஸ்ல இதுக்கு டிரைவர் பேரு சிஎஸ்5535ஆடியோ. ஓஎல்பிசி ஆப்ஷனை அணைச்சு, பொதுவான 32 பிட் கெர்னல் ஒண்ணு தயார் பண்ணி வேணும்னே போட்டுப் பாத்தேன், என்ன ஆகுதுன்னு பாக்கலாமேன்னு. டிரைவர் ஏறுது. அல்சாமிக்ஸர்ல பட்டை எல்லாம் மேல இருக்கு. மியூட் எதுவும் இல்ல. ஆனா ஸ்பீக்கர் கப்சிப்.

சாதாரண பொட்டியா இருந்தா இங்கதான் நாலு நாள் தூக்கம் போகும். எக்ஸ்ஓவுல போகல. ஏன்னா கெர்னல் சோர்ஸ்ல இந்தப் பொட்டிக்குன்னே ஒரு சின்ன ஃபைல் இருக்கு, அதுலயே காரணம் இருக்கு. ஸ்பீக்கருக்கு முன்னாடி ஒரு ஆம்ப்ளிஃபையர். அதை ஆன் ஆஃப் பண்ண சிப்புல ஒரு கால், ஈஏபிடின்னு பேரு. பி3 போர்டுல இருந்து அந்தக் கால் தலைகீழ். அதாவது "ஆன்"னு சொன்னா அணையும். ஓஎல்பிசி ஆப்ஷனோட கெர்னலைக் கட்டினா டிரைவர் போர்டு எதுன்னு பாத்து தானா திருப்பிக்கும். இல்லாட்டி மிக்ஸர்ல "எக்ஸ்டர்னல் ஆம்ப்ளிஃபையர்"ங்கிற சுவிட்சை அணைக்கணும். அணைச்சேன். சத்தம் வந்துச்சு. அணைச்சா வேலை செய்யிற ஒரே ஆம்ப்ளிஃபையர் என் வீட்டுலதான் இருக்கு, ஹி ஹி.

அந்த ஃபைல்லயே இன்னொரு மேட்டர் இருக்கு, இதுக்காகத்தான் இந்தப் பதிவே. எந்த லேப்டாப்லயும் மைக் ஓட்டைக்குப் பின்னாடி ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். ஏறி இறங்குற சிக்னலை மட்டும் உள்ள விடும், நிலையா நிக்கிற டிசி மின்னழுத்தத்தை வாசல்லயே நிறுத்திடும். எக்ஸ்ஓவுல அந்தத் தடுப்பைத் தாண்டிப் போக ஒரு குறுக்கு வழி போட்டு வச்சிருக்காங்க. சிப்போட ஹை பாஸ் ஃபில்டரை அணைச்சு, ஒரு ஜிபிஐஓ காலைத் திருப்பினா மைக் ஓட்டை வோல்ட்மீட்டர் ஆயிடும்! மைக்குக்குப் போற பயாஸ் மின்சாரத்துக்கும் தனி சுவிட்சு. மிக்ஸர்ல "டிசி மோட் எனேபிள்", "மைக் பயாஸ் எனேபிள்"னு ரெண்டும் வரிசையா நிக்கும். ரிமோட்ல இருந்து கழட்டின 1.5 வோல்ட் பேட்டரியை வச்சா திரையில கோடு எகிறுது. ஏழாவது படிக்கிற அக்கா பையன் "மாமா, இது பாட்டு கேக்குற ஓட்டையா, கரண்ட் பாக்குற ஓட்டையா?"ன்னு கேட்டான். ரெண்டும்தான்டா!

இதே பொட்டியில ரெண்டு எக்ஸ்ஓவுக்கு நடுவுல சத்தம் போய்ச் சேர்ற நேரத்தை வச்சு தூரம் அளக்கிற புரோகிராம் இருந்துச்சு. பேரி வெர்கோ எம்ஐடியில எழுதின சிசவுண்டை அடியில வச்சு டாம்டாம்னு ஒரு இசைப்பெட்டியும் இருந்துச்சு. மைக் ஓடுதுன்னு காட்டுற விளக்கைக்கூட வயரிங்லயே கட்டியிருந்தாங்க, மென்பொருள் ஏமாத்த முடியாது. இன்னிக்கு பல லேப்டாப்ல மைக் ஓடுதான்னு தெரிஞ்சுக்க ஸ்க்ரீன்ல வர்ற குட்டிப் படத்தைத்தான் நம்பணும்.

ரொம்பப் புகழ்ந்துட்டேனோ? குறையும் உண்டு. அதே எக்ஸ்ஓவுல வைஃபை சிப்போட ஃபர்ம்வேர் மூடித்தான் இருந்துச்சு. 100 டாலர்னு சொல்லிட்டு 2007ல 188 டாலர்ல வந்து நின்னுச்சு. நம்ம மத்திய அரசு 2006லயே வேணாம்னு சொல்லிடுச்சு. பெருவுல குடுத்துப் பாத்ததுல கணக்கு, மொழிப் பாட மார்க் கூடலைன்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. திட்டம் தோத்துச்சா ஜெயிச்சுச்சாங்கிறது தனிக் கதை. நான் பேசறது போர்டைப் பத்தி.

இப்ப மறுபக்கம். என்கிட்ட இன்னொரு லேப்டாப் இருக்கு, பெரிய கம்பெனி, பேரு வேணாம். இன்டெல் 2004ல கொண்டு வந்த எச்டி ஆடியோ. ஹெட்போன்ல சத்தம் வரும், ஸ்பீக்கர்ல வராது. இந்த முறையில எந்தப் பின்னுல எது மாட்டியிருக்குன்னு பயாஸே சொல்லணும்னு விதி இருக்கு. பல கம்பெனிங்க அதுல தப்பா எழுதி வச்சுட்டு, விண்டோஸ் டிரைவர்ல மட்டும் திருத்திக்கிறாங்க. லினக்ஸ்காரங்க ஒவ்வொரு மாடலா ஊகிச்சுத் திருத்தணும். ரியல்டெக் சிப்புக்கு மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேல வரிகள் கெர்னல்ல இருக்கு. பல வருஷமா இதையெல்லாம் வாங்கிச் சேர்த்துட்டு இருக்கிற டகாஷி இவாய்க்கு கோயில் கட்டணும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் ராத்திரி முழிச்சிருந்து, சத்தம் வருதா வருதான்னு காதை வச்சுப் பாத்திருப்பார். என் மாடலுக்கு இன்னும் அப்படி ஒருத்தர் கிடைக்கல. மாடல் ஆப்ஷன் ஒண்ணொண்ணா மாத்திப் பாத்துட்டே இருக்கேன்.

சிப்பு ரகசியமே இல்லங்க, போர்டுல நாலு வயர் எங்க போகுதுங்கிறதுதான் ரகசியம். அதைச் சொன்னா எந்தப் போட்டிக் கம்பெனி எதைத் திருடிடும்?

2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தினதுல இருந்து "லினக்ஸ் போட்டுத் தாயேன்"னு தெரிஞ்சவங்க பழைய பொட்டியைத் தூக்கிட்டு வர்றாங்க. போட்டுத் தரலாம். சத்தம் வரலைன்னா அவங்களைப் பொறுத்தவரை அது செத்த பொட்டி, நேரா காயலான் கடைதான். பிள்ளைங்க வீடியோ பாடம் கேக்கணும்ல?

அரசாங்கங்கள் லேப்டாப் மொத்தமா வாங்குறப்ப, நம்ம ஊர்ல 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டம் மாதிரி, டெண்டர்ல ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவுன்னு பக்கம் பக்கமா எழுதுவாங்க. கூடவே ஒரு வரி சேர்க்கலாம்: சவுண்டு பின் எது எங்க போகுது, ஆம்ப்ளிஃபையரை எது ஆன் பண்ணுது, ரெண்டு பக்கத்துல எழுதி வெளியிடுன்னு. லட்சக்கணக்குல வாங்குறவங்க கேட்டா குடுத்துத்தான் ஆகணும். தனியாளா நான் அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். "உங்கள் விண்டோஸ் டிரைவரை மீண்டும் நிறுவிப் பார்க்கவும்"னு பதில் வந்துச்சு.

டிஸ்கி: பேட்டரி வித்தையை எக்ஸ்ஓவுல மட்டும் பண்ணுங்க, அதுவும் ஒத்தை 1.5 வோல்ட் பேட்டரிதான். ஆபீஸ் லேப்டாப் மைக் ஓட்டையில பண்ணிட்டு என்னைத் திட்டாதீங்க. அடுத்தது எல்டிஆர் வச்சு வெளிச்சம் அளக்கப் போறோம், அக்கா பையன் ரிச்சி ஸ்ட்ரீட் லிஸ்ட் போட்டு ரெடியா இருக்கான்.