விளம்பரம் மலிவு, பார்சல்தான் இடிக்குது! செல்போனில் கடை விரிக்கும் கொடைக்கானல் அடுப்படிகள்

கொடைக்கானல்:

மலைகளின் இளவரசியைப் பார்க்க வருபவர்கள் ஏரியைச் சுற்றி விட்டு, ஏழு ரோடு பக்கம் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், மலைப்பூண்டு வாங்காமல் கீழே இறங்குவது அபூர்வம். இதில் எல்லாமே பெரிய கடைக்காரர்களின் சரக்கு அல்ல. வீட்டு அடுப்படியில் பெண்கள் உருக்கி, அச்சில் ஊற்றி, தாளில் சுற்றித் தரும் சாக்லேட்டும் இருக்கிறது.

இந்த வியாபாரம் மலையேறி வரும் வண்டியை நம்பித்தான் ஓடியது. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 சீசனில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 4 ஆயிரம், சனி, ஞாயிறில் 6 ஆயிரம் சுற்றுலா வாகனங்களுக்கே அனுமதி என்று கோர்ட்டு கட்டுப்பாடு விதித்தது. நெரிசலில் திணறிய மலைக்கு இது தேவைதான். ஆனால் 'ஆள் வந்தா வியாபாரம்' என்றிருந்த வீடுகளுக்கு, ஆள் வராமலே விற்கும் வழி ஒன்று வேண்டும். அந்த வழி கையில் இருக்கும் செல்போன்தான்.

காசில்லாத கடை

முதலில் செலவே இல்லாத இரண்டு வேலை. 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் சாக்லேட் வகை, எடை, விலையைப் படத்தோடு அடுக்கி வைக்கலாம். கூகுள் மேப்பில் தொழிலின் பெயரைப் பதியலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. மலைக்கு வந்தவர் 'பக்கத்தில் சாக்லேட்' என்று தேடினால், சந்துக்குள் இருக்கும் வீடும் தெரியும்.

காசு கொடுத்து விளம்பரம் போடுவதென்றால் பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் நாளைக்கு 100, 200 ரூபாய் போதும். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்தால் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் கசக்கிப் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? இதில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் மெசேஜ் அனுப்பினார்கள் என்பது கணக்காக வரும். எந்த ஊர்க்காரர் பார்க்க வேண்டும் என்றும் நாமே முடிவு செய்யலாம். ஆனா லைக்கை எண்ணி சந்தோஷப்பட்டா அடுப்பு எரியாது. ஆர்டரைத்தான் எண்ண வேண்டும்.

எங்கே இடிக்குது?

சிக்கல் ஆரம்பிப்பதே ஆர்டர் வந்த பிறகுதான். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி வெப்பத்தில் உருகி விடும். 7 ஆயிரம் அடி உயரத்தில் கல்லு மாதிரி இருக்கும் சரக்கு, வத்தலக்குண்டு தாண்டி மதுரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் கிடந்தால் என்ன ஆகும்? சித்திரை, வைகாசியில் சாக்லேட்டுக்கு விளம்பரம் போடுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். மழை, பனிக் காலம்தான் அதற்குத் தோது. வெயில் மாதத்தில் தைலத்தையும் பூண்டையும் முன்னே வைக்கலாம்.

அடுத்தது வரி. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள சரக்கை வெளி மாநிலத்துக்கு விற்றால், ஒரு பெட்டியாக இருந்தாலும் பதிவு வேண்டும். சாக்லேட்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தாலும் இந்த விதி மாறவில்லை. பெங்களூரு, கொச்சி ஆட்கள் கொடைக்கானலுக்கு நிறைய வருகிறார்கள் என்பதால் ஆசை வரத்தான் செய்யும். பதிவு இல்லாதவர்கள் விளம்பரத்தைத் தமிழ்நாட்டோடு நிறுத்திக் கொள்வதே பாதுகாப்பு.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் அவசியம். ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் விற்பவர்களுக்கு 2011 விதிப்படி வைத்த கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். அந்த நம்பர், என்னென்ன சேர்த்தது, தயாரித்த தேதி ஆகியவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். முகம் தெரியாத வாடிக்கையாளர் நம்புவதற்கு அந்த நம்பர் பெரிய துணை.

போன் நம்பரை ஊருக்கே காட்டினால் மோசடிக்காரர்களும் வருவார்கள். 'ராணுவத்தில் இருக்கேன், மொத்தமா 50 கிலோ வேணும்' என்று பேசி, பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூ.ஆர். கோடு அனுப்புவது பழைய தந்திரம். நம் கணக்குக்குப் பணம் வர, பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. ஏமாந்து விட்டால் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும்.

பேர் யாருடையது?

இதை விடப் பெரிய கவலை வேறு. விளம்பரம் மலிவு என்றால் போலிக்கும் மலிவுதானே! சமவெளியில் எங்கோ உட்கார்ந்து 'கொடைக்கானல் ஹோம்மேட்' என்று எவர் வேண்டுமானாலும் பக்கம் திறக்கலாம். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூண்டை அந்தப் பெயரில் விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் விவசாயி தன்னை அதிகாரப்பூர்வ பயன்பாட்டாளராகப் பதிவு செய்தால்தான் அந்த முத்திரையைத் தன் விளம்பரத்தில் போட முடியும்.

பூண்டுக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு வீட்டு சாக்லேட்டுக்கு இல்லை. அதனால் கடைப் படத்தை எடுத்துப் போடாமல், தன் அடுப்படியையும், அச்சில் ஊற்றும் கையையும், ஜன்னலுக்கு வெளியே இறங்கும் பனியையும் அரை நிமிட வீடியோவாக எடுத்துப் போடுவதுதான் இப்போதைக்கு அவர்களால் காட்ட முடிந்த ஆதாரம்.