கஞ்சிலுக்கு எதற்குப் பெரிய சக்கரம்?

1994இல் வெளிவந்து 2009இல் உற்பத்தி நின்றுபோன பெரோடுவா கஞ்சில், கெடாத் தோட்டப்புறங்களில் இன்றும் ஓடுகிறது. ஏறத்தாழ 700 கிலோ எடை. 12 அங்குலச் சக்கரம். இச்சிறு மகிழுந்துக்குத்தான் நம் பிள்ளைகள் 14, 15 அங்குல ரிம் பூட்டுகின்றனர். பணம் கொடுப்பவர்கள் யார்? பெற்றோர்களாகிய நாம்தாமே!

“பிடிமானம் கூடும்” என்கிறார்கள். காய்ந்த தார்ச்சாலையில் ஓரளவு உண்மை. மழையில்? டயர் அகல அகல, இலேசான வண்டியின் எடை பரவிவிடுகிறது. தேங்கிய நீரை விலக்கித் தரையைத் தொட முடியாமல் சக்கரம் மிதக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாது. ரிம் பெரிதானால் டயரின் பக்கவாட்டு உயரம் குறைகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையின் ஒரு குழி போதும், ரிம் நெளிந்துவிடும். சக்கரத்தின் மொத்த விட்டம் கூடிவிட்டாலோ, வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

இதைவிடக் கொடுமை, ரிம்முக்குக் கொட்டியபின் டயருக்குக் காசு இருப்பதில்லை. தேய்ந்த பழைய டயரைத் தேடி வாங்குகிறார்கள். பால்மரம் சீவிய பாட்டனின் பேரனுக்கு வழுக்கை டயரா?

அந்த வண்டியில்தான் தம்பி தங்கைகள் காலையில் தமிழ்ப்பள்ளிக்கு வந்து இறங்குகிறார்கள். ஆசிரியர்களே, வாசலில் நிற்கும்போது சற்றுக் குனிந்து அந்த டயர்களைப் பாருங்கள்.