கதவு திரும்பினால் கதியும் திரும்புமா?

தோழர்களே! அண்மையில் ஒரு வீட்டில் நாம் கண்ட காட்சி இது. படுக்கையறையின் மரக்கதவில், உட்புறமாக, முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்த விரும்பினார் வீட்டு இளைஞர். தச்சர் அளவுகோலை எடுத்தார். பெரியவர் கையை மறித்தார். "வடக்கிலே வைக்கலாம், கிழக்கிலே வைக்கலாம், தெற்கும் மேற்கும் ஆகாது. வாஸ்துக்காரரைக் கேளாமல் ஆணி அடிக்காதே!" என்றார். அளவுகோல் பைக்குள் சென்றது. பஞ்சாங்கம் வெளியே வந்தது!

நாம் கேட்கிறோம்: கண்ணாடி ஏறப்போவது சுவரிலா? கதவிலன்றோ! கதவுக்குக் கீல் உண்டு. கீல் உள்ளவரை அது திரும்பும். மூடியபோது தெற்கு நோக்கிய கண்ணாடி, திறந்தபோது கிழக்கையோ மேற்கையோ நோக்கும். நாளொன்றுக்கு நாற்பது முறை திறந்து மூடினால், செல்வம் நாற்பது முறை வந்து நாற்பது முறை போகுமோ? கீலுக்கு எண்ணெய் விட்டால் நற்காலம் விரைந்து சுழலுமோ? விடை கூறட்டும், திசைக்கு விலை கூறுவோர்!

கண்ணாடியில் மாயம் ஏதுமில்லை. ஆடியின் முதுகிலே படிந்த வெள்ளி, ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. வெள்ளியை ஆடிமீது படிய வைக்கும் வினையை 1835-இல் விளக்கியவர் லீபிக் என்னும் ஜெர்மானிய வேதியியல் அறிஞர். அவர் நாடியது சோதனைச்சாலையை, சோதிடனை அல்ல!

ஆபத்தே இல்லையா? உண்டு. அதைத்தான் வாஸ்துக்காரர் உரைப்பதில்லை! மரம் மழைக்காலத்தில் ஈரம் உண்டு உப்பும், கோடையில் சுருங்கும். ஆடி அவ்வாறு அசையாது. இறுக முடுக்கினால் விரிசல் விழும். ஆகவே, ரப்பர் வைத்த கவ்விகளால் பிடித்து, ஓரங்களில் 2 மி.மீ. இடைவெளி விடுக. மெல்லிய பலகையில் அன்று, கனத்த சட்டத்தில் திருகாணி ஏறுக. 4 மி.மீ. தடிப்புள்ள ஆடி, ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை. அதைத் தாங்க அடியிலே ஒரு பட்டை வேண்டும். கதவு அறைந்து மூடாதிருக்கத் தடுப்பும் வேண்டும். கண்ணாடி உடைவது கண்ணேறால் அன்று, கவனக்குறைவால்!

எந்த உயரத்தில் வைப்பது? அதற்கும் அறிவியலே விடை தருகிறது. முழு உருவமும் காண, ஒருவர் உயரத்தில் பாதி அளவு கண்ணாடியே போதும். வீட்டில் மிகக் குட்டையானவரின் கண்ணுயரத்தில் பாதி எதுவோ, அதுவே கண்ணாடியின் கீழ்விளிம்பு.

அந்த வீட்டில் மிகக் குட்டையானவர் யார்? தச்சர் கேட்டார், எவரும் வாய் திறக்கவில்லை. மூலையிலே நின்றிருந்தார் இளைஞரின் அத்தை. கணவனை இழந்தவர். பொட்டு பறிக்கப்பட்ட அன்றே அவரிடமிருந்து கண்ணாடியும் பறிக்கப்பட்டது! கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் ஏற்றது 1856-இல். அவர் தம் முகத்தைத் தாம் காணவோ, இந்த வீடு இன்னும் இசையவில்லை! 1927-இல் கேரளத்துக் களவங்கோட்டுக் கோயிலில், சிலை இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடியையே நிறுவினார் நாராயண குரு. அங்கே கருவறை புகுந்த கண்ணாடி, இங்கே ஒரு பெண்ணின் கண்ணெதிரே வரலாகாதாம்!

தெற்கு ஆகாது, மேற்கு ஆகாது என்பதும், கைம்பெண்ணுக்கு ஆகாது என்பதும் ஒரே மூடமையின் இரு முகங்களே. முதலாவது பணத்தைப் பறிக்கிறது. இரண்டாவது மானத்தைப் பறிக்கிறது.

இளைஞர்காள்! உங்கள் வீட்டுக் கதவிலே கண்ணாடி ஏறட்டும். திசையைக் கேளாதீர், அளவைக் கேளுங்கள். அந்த அளவை அத்தையிடமிருந்து எடுங்கள். அவரை அழைத்து, நிமிர்ந்து நிற்கச் சொல்லி, அவர் கண்ணுயரத்தைக் குறியுங்கள். அவர் முகம் தெரியாத கண்ணாடி, எத்திசை நோக்கினும் குருட்டுக் கண்ணாடியே!