கமென்ட் தப்பா இருந்தா மாட்டுவது யார்? எண்ணூர் வரைபடம் புரோகிராமர்களுக்குச் சொல்லும் பாடம்

சென்னை மெட்ரோவின் டோல்கேட் ஸ்டேஷனில் இறங்குபவர்கள் யாரும் சுங்கம் கட்டச் சில்லறை தேடுவதில்லை. ராயபுரம் பக்கம் ‘கிளைவ் பேட்டரி’ ஸ்டாப்பில் இறங்கி, பீரங்கி எங்கே என்று யாரும் கேட்பதும் இல்லை. பெயர் பழசு, அது எல்லோருக்கும் தெரியும். அதை நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

சாஃப்ட்வேர் கோடில் இருக்கும் பழைய குறிப்புகள் அப்படியல்ல. அவற்றை நம்பித்தான் அடுத்து வருபவர் வேலை செய்கிறார். ஆனாலும் ஐ.டி கம்பெனிகளில் “அட, கமென்ட் தானே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்பதுதான் வழக்கமான பதில். அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வருவதே இல்லை.

கமென்ட் ஏன் பழசாகிறது?

கோடு கம்ப்யூட்டருக்கு, கமென்ட் மனிதருக்கு. ‘இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது’ என்று எழுதியவர் அடுத்தவருக்கு விட்டுச் செல்லும் குறிப்பு அது. கோடில் தவறு இருந்தால் கம்பைலர் திட்டும், டெஸ்ட் ஃபெயில் ஆகும். கமென்ட்டை கம்பைலர் படிப்பதே இல்லை. கோடு பத்து முறை மாறினாலும், மேலே இருக்கும் கமென்ட் முதல் நாள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் இதன் விளைவு இன்னும் பெரிது. ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல் செய்து காட்டுவது இந்த மென்பொருள். கிளவுட் சேவைகளுக்கு அடித்தளமே இதுதான். 2007-ல் லினக்ஸில் சேர்ந்த கேவிஎம், அதனுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படும் கியூஎம்யூ இரண்டும் இதில் முக்கியமானவை. உலகம் முழுவதும் பலர் எழுதிய கோடு இது. எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்க முடியாத இடங்களில் கமென்ட்தான் சாட்சி.

ஒரு உதாரணம். ‘இந்த ஃபங்ஷனை அழைக்கும் முன் மெமரி லாக்கை எடுத்துவிட வேண்டும்’ என்று ஒரு கமென்ட் இருக்கிறது. நடுவில் யாரோ கோடை மாற்றி, ஃபங்ஷனே லாக்கை எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார். கமென்ட்டைத் தொடவில்லை. ஆறு மாதம் கழித்து டீமுக்கு வரும் புதியவர் கமென்ட்டை நம்பி லாக்கை எடுக்கிறார், பிறகு ஃபங்ஷனை அழைக்கிறார். தான் பூட்டிய கதவு திறக்கட்டும் என்று புரோகிராம் தானே காத்து நிற்கிறது. அந்த சர்வரில் ஓடும் மற்றவர்களின் மெஷின்களும் சேர்ந்து முடங்கலாம்.

மீட்டிங்கில் கேள்வி யாரிடம் வரும்? கமென்ட்டைத் தொடாமல் போனவரிடம் இல்லை. அதை நம்பியவரிடம்.

‘ஆஃப்’ என்று எழுதியிருந்தால் ஆஃப் ஆகிவிடுமா?

2015-ல் ‘வெனம்’ என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. கியூஎம்யூவில் ஃப்ளாப்பி டிரைவைப்போல நடிக்கும் பகுதியில் 2004-லிருந்தே இருந்த ஓட்டை அது. ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பவர் அதிலிருந்து தப்பி, மொத்த சர்வரையும் பிடிக்க வழி தரக்கூடியது. ஃப்ளாப்பியே வழக்கொழிந்த காலத்தில் அந்தப் பக்கம் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

சில அமைப்புகளில் அட்மின் ஃப்ளாப்பியை ‘ஆஃப்’ செய்து வைத்திருந்தாலும், வேறொரு பிழையால் அந்தக் கோடு உள்ளே உயிரோடுதான் இருந்தது. இது கமென்ட்டால் வந்த கோளாறு இல்லை. ஆனால் எழுதி வைத்திருப்பதும் உள்ளே ஓடுவதும் வேறு வேறாக இருந்தால், ஆபத்து எங்கே ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வரைபடத்தில் காணாமல் போன நீர்

சாஃப்ட்வேர் பக்கமே போகாதவர்களுக்கும் வடசென்னையில் இதே பாடம் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் வந்தது. அதன்படி தமிழகம் தயாரித்த திட்டத்துக்கு மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் தந்தது. அந்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய பகுதியாக இருந்தது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் அரசுத் தரப்பிலிருந்து பெற்ற இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம் என்று 2017-ல் மீனவர்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும் புகார் எழுப்பினார்கள்.

கொசஸ்தலையாற்றின் வெள்ளம் கடலுக்குப் போக வரைபடத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீர் தன் வழியில்தான் போகும். ஆனால் எங்கே கட்டலாம், எங்கே கொட்டலாம் என்று அனுமதி தருபவர் பார்ப்பது வரைபடத்தைத்தான். அதில் நீர் இல்லை என்றால், வலை வீசிப் பிழைப்பவர்தான் “இங்கே தண்ணி இருக்கு” என்று நிரூபிக்க அலைய வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். பழைய வரைபடம்தான் நிஜத்தோடு பொருந்தியது. ஆகவே ஒரு குறிப்பு எத்தனை வருடம் பழசு என்று பார்ப்பதில் பயனில்லை. நிஜத்தோடு பொருந்துகிறதா, அதை வைத்து யாராவது முடிவெடுக்கிறார்களா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

‘கமிட் கணக்கு ஏத்துற வேலை’யா?

கமென்ட்டை மட்டும் திருத்தும் பேட்ச்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எண்ணிக்கை காட்டத்தான் இதெல்லாம், ரிவியூ செய்பவரின் நேரமும் வீண் என்பது அவர்கள் வாதம். எழுத்துப் பிழையை மட்டும் தேடித் திருத்துபவர்கள் விஷயத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஆனால் தவறான ஒரு கமென்ட்டைச் சரியாகத் திருத்த வேண்டுமானால், அந்தக் கோடு இப்போது உண்மையில் என்ன செய்கிறது என்று முழுக்கப் படித்தாக வேண்டும். எழுதுவது இரண்டு வரி; படிப்பது இரண்டு நாள். அப்ரைசலில் அந்த இரண்டு நாளுக்கு இடமே இல்லை. இப்போது ஏ.ஐ கருவிகளும் கமென்ட்டைச் சேர்த்தே படித்துக் கோடு எழுதித் தருகின்றன. பொய்யான குறிப்பை நம்பும் கூட்டத்தில் இன்னொருவர் சேர்ந்துவிட்டார்.

தீர்வு சிக்கலானது அல்ல. கோடை மாற்றுபவரே அதே பேட்ச்சில் கமென்ட்டையும் மாற்ற வேண்டும்; மாற்றாவிட்டால் ரிவியூவில் திருப்பி அனுப்ப வேண்டும். கோடைப் பார்த்தாலே தெரிவதை மறுபடி சொல்லும் கமென்ட்டை எடுத்துவிடலாம். ‘ஏன் இப்படி’ என்று சொல்வதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். “சார், இங்க எழுதியிருக்கறதும் ஓடுறதும் வேற வேறயா இருக்கு” என்று புதிதாகச் சேர்ந்தவர் சொன்னால், சீனியர்கள் அதை ஒரு பக் ரிப்போர்ட்டாகவே பதிவு செய்ய வேண்டும். டீமில் அந்தக் குறிப்பை முதல்முறையாக முழுசாகப் படித்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.