முடிவிலிருந்து முதலுக்கு

மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது. ஹட்டனில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, உயர்தர வகுப்பில் பயிலும் நம் மருமகன் தன் கைத்தொலைபேசியில் ஓர் ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில் அவன் முகம் சுளித்தது.

“மாமா, இந்தப் படம் கெட்டுப்போச்சு போல. செத்தவன் உயிரோட வந்து நிக்கிறான். முடிவு முன்னால வருது, ஆரம்பம் பின்னால வருது!”

நாம் எட்டிப் பார்த்தோம். படம் கெட்டுப்போகவில்லை. அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். கிறிஸ்தோபர் நோலன் இயக்கி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மெமெண்டோ’ அது. நாம் இதைச் சொன்னதும் அவன் கேட்டான், “கொலைகாரன் யாருன்னு முதல் காட்சியிலேயே காட்டிட்டா, அப்புறம் என்னத்தப் பாக்குறது?”

நியாயமான கேள்விதான். நேயர்களில் பலருக்கும் இக்கேள்வி எழக்கூடும். ஆதலின் இவ்வாரம் முடிவிலிருந்து முதலுக்குச் செல்லும் குற்றக் கதைகளைப் பற்றிச் சற்று உரையாடலாம் என்று எண்ணுகின்றோம்.

தமிழ்ப் படவுலகில் இத்துறைக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க படம் ஒன்று உண்டு. அது 1954 ஆம் ஆண்டில் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’. இயக்கியவர், வீணை வித்துவானாகப் பெரும் புகழெய்திய எஸ். பாலசந்தர். திரைக்கதை எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. பாட்டின்றிப் படமில்லை என்றிருந்த அக்காலத்தில் ஒரு பாட்டும் ஒரு நடனமும் இன்றி அப்படம் வெளிவந்தது. அதனினும் பெரிய துணிச்சல் ஒன்று உண்டு. கதாநாயகனான சிவாஜி கணேசன் படம் தொடங்கியவுடனேயே துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிவிடுகிறார்! ரசிகர்கள் எவரைக் காண வந்தார்களோ அவரே தொடக்கத்தில் பிணமாகக் கிடக்கிறார்.

இரண்டாம் உலகப் போர்க்காலம். 1943 ஆம் ஆண்டில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசியதை ஒட்டிய நாட்கள். வானொலிப் பொறியியலாளனான ராஜன் ஏன் கொலையுண்டான்? அயல்வீட்டார், தம்பி, தம்பியின் மனைவி, நடனமாது, பண்டரிபாய் நடித்த மனைவி உஷா என்று ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவரும் பின்னோக்கிச் சென்று தாம் அறிந்த ராஜனைக் காட்டுகின்றனர். ஒருவர் காட்டும் ராஜன் மற்றொருவர் காட்டும் ராஜன் அல்லன். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) இப்படத்துக்குத் தூண்டுகோலாயிற்று என்பர். பாட்டில்லாப் படத்தை அன்றைய கூட்டம் பெரிதும் வரவேற்கவில்லை. எனினும் இந்திய அரசின் தேசிய விருதுகளில் அதற்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. காலம் செல்லச் செல்ல மதிப்பும் உயர்ந்தது. முடிவை நாம் இங்கே சொல்லப்போவதில்லை. பார்க்காதவர் பார்த்து மகிழ்க!

ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். ‘அந்த நாள்’ பிணத்தில் தொடங்கி நினைவுகளின் வழியே பின்னே செல்கிறது. விசாரணையோ முன்னோக்கியே நடக்கிறது. ‘மெமெண்டோ’ அவ்வாறன்று. அதன் வண்ணக் காட்சிகள் முழுவதும் தலைகீழ் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. இடையிடையே வரும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நேர் வரிசையில் செல்கின்றன. இரண்டு நீரோடைகளும் படத்தின் இறுதியில் ஒன்றாய்க் கலக்கின்றன.

இது வெறும் வித்தையா? அன்று. அக்கதையின் நாயகனுக்குப் புதிய நினைவுகள் தங்குவதில்லை. சில நிமிடங்களுக்கு முன் நடந்ததும் மறந்துபோகும். மனைவியைக் கொன்றவனைத் தேடும் அவன், நிழற்படங்களின் பின்புறத்திலும் தன் உடம்பிலும் குறிப்புகளை எழுதிவைத்துக்கொள்கிறான். காட்சிகள் தலைகீழாய் வருவதால், சற்றுமுன் என்ன நடந்தது என்பது பார்க்கும் நமக்கும் தெரியாது. அவன் குழப்பம் நம் குழப்பமாகிறது. உத்தி கதையிலிருந்தே பிறந்தது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இக்கருவிற் சிலவற்றைத் தமிழும் ஏற்றது. ஏ.ஆர். முருகதாஸ் இயக்கி, சூர்யாவும் அசினும் நடித்து 2005 இல் வெளிவந்த ‘கஜினி’யில் மறதி நோயும், நிழற்படமும், உடம்பிற் பொறித்த எழுத்துக்களும் உள. ஆனால் தலைகீழ் வரிசை மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக, நாட்குறிப்பின் வாயிலாக விரியும் ஒரு காதற் கதை வந்து அமர்ந்தது. குடும்பத்தோடு படம் பார்க்கும் நம்மவர் சுவை அறிந்து செய்த மாற்றம் என்று கொள்ளலாம்.

பிற நாடுகளிலும் இம்முயற்சி உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் 1967 இல் ஓல்ட்ரிஹ் லிப்ஸ்கி எடுத்த ‘ஹாப்பி எண்ட்’ என்னும் படத்தில், தலை வெட்டப்பட்ட கொலையாளியின் தலை மீண்டும் உடலோடு ஒட்டிக்கொள்வதுதான் தொடக்கம். கொலைக்கதை பின்னோக்கி ஓடும்போது நகைச்சுவையாகிவிடுகிறது. தென் கொரியாவின் லீ சாங்-டொங் எடுத்த ‘பெப்பர்மின்ட் கேண்டி’யோ நெஞ்சை உருக்குவது. 1999 ஆம் ஆண்டில் இருப்புப்பாதையில் ஒருவன் ஓடிவரும் ரயிலின் முன் நிற்பதில் அது தொடங்குகிறது. அங்கிருந்து படிப்படியாக 1979 வரை பின்னே செல்கிறது. கொடுமை செய்யும் பொலிஸ்காரனாக நாம் முதலில் வெறுப்பவன், ஈற்றில் மலரைக் கண்டு மகிழும் இளைஞனாக நம் முன் நிற்கிறான். ஒவ்வொரு பகுதிக்கும் இடையே ஒரு ரயில் பின்னோக்கி ஓடுகிறது.

அந்த ரயில் நமக்குப் புதியதன்று. நானுஓயாவில் ஏறிப் பின்புறம் நோக்கிய இருக்கையில் அமர்ந்து வந்தவர் அறிவர். எங்கே போகிறோம் என்பது தெரியாது. கடந்து வந்த மலையும், லயமும், தேயிலை நிரைகளும் மட்டும் விரிந்துகொண்டே போகும். ஹட்டனை நெருங்குகையில் சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்தபின், நாம் வெளிவந்த வாயில் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாய் மறையும்.

இவ்வாறெல்லாம் நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்த நம் தாயார் குரல் கொடுத்தார்.

“இதுல என்னடா அதிசயம்? எழவு வீட்டுல முதல்ல கண்ணுல படுறது பொணந்தானே. ஒப்பாரி அங்கயிருந்துதானே பின்னால போகுது. செத்தது, நோயில கெடந்தது, மலையில வேலை செஞ்சது, கல்யாணம், பொறந்தது வரைக்கும் போவும்ல?”

“அம்மாயி சொல்றதும் சரிதான் மாமா!” என்று மருமகன் நகைத்தான். நமக்கோ வியப்பு! பட விழாக்களில் பரிசு பெறும் உத்தி ஒன்று நம் லயத்து வாசலில் பாயின்மேல் அமர்ந்து அழும் பெண்களிடம் இருந்ததை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

தொழிற்சாலையிலும் இதே முறைதான். தேயிலையின் சுவை பார்ப்பவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டுப் பின்னோக்கிச் சிந்திக்கிறார். கருகல் வாடை அடிக்கிறதா? உலர்த்தும்போது சூடு மிகுந்திருக்கும். சாரம் கெட்டு மந்தமாக இருக்கிறதா? நொதிக்க விட்ட நேரம் கூடியிருக்கும். அதற்கும் முன் உருட்டியது எப்படி, வாட்டியது எப்படி, மலையில் பறித்த கொழுந்து எத்தகையது என்று கோப்பையிலிருந்து செடிவரை அவர் நடக்கிறார். அவரும் ஒரு துப்பறிவாளரே!

பின்னோக்கிக் கேளாததால் விளைந்த கேட்டைச் சிலப்பதிகாரம் நமக்குச் சொல்கிறது. கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அரண்மனைச் சிலம்பும் காணாமற்போயிருந்தது. பொற்கொல்லன் சொன்னதை நம்பிய பாண்டியன், அச்சிலம்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு படி பின்னே சென்று வினவவில்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்து, முத்தன்று, மாணிக்கமே உள்ளது என்று காட்டியபோது காலம் கடந்துவிட்டது. மூன்று உயிர்களோடு ஒரு நகரமும் அழிந்தது.

நம் மலைநாட்டிலும் ஒரு சாவு உண்டு. 1940 ஜனவரி 10 ஆந் தேதி, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸார் சுட்டதில் உயிரிழந்தார். மலையகத் தியாகிகளின் வரிசையில் அவர் பெயரை முதலில் வைத்து எண்ணுவது வழக்கம். அச்சாவு பற்றி ஆராய ஒரு விசாரணைக் குழு அமைந்தது. சுட்டது பொலிஸார் என்பதில் மர்மமில்லை. ஏன் அந்த நிலை வந்தது என்பதே வினா. வேட்டிலிருந்து வேலைநிறுத்தத்துக்கும், அங்கிருந்து கூலிக்கும், அங்கிருந்து தொழிலாளர் சங்கம் அமைத்து ஒன்றுகூடும் உரிமைக்கும் பின்னோக்கிச் சென்றாலன்றி அதற்கு விடை இல்லை.

இப்போது மருமகன் கேட்ட கேள்விக்கு வருவோம். கொலைகாரன் யார் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டால் பிறகு பார்க்க என்ன இருக்கிறது? ‘ஏன்’ என்பது இருக்கிறது. முன்னோக்கிச் செல்லும் கதை, அடுத்து என்ன என்று நம்மை ஓடவைக்கிறது. பின்னோக்கிச் செல்லும் கதை, இதற்கு முன் என்ன என்று நம்மை நிறுத்துகிறது. ஆயின் ‘மெமெண்டோ’ ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறது. பின்னோக்கிப் போகும் மனிதன் தனக்கு வேண்டிய குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், தன்னையே ஏமாற்றிக்கொள்வான்.

அன்றிரவு உணவின்போது, தன் வகுப்பில் படித்த ஒரு பையனைப் பற்றி மருமகன் பேச்செடுத்தான். “படிப்புக் கசந்து, கொழும்புக்குக் கடைவேலைக்கு ஓடிட்டான் மாமா.”

“அது கடைசிக் காட்சி. அதற்கு முந்திய காட்சி எது?” என்று கேட்டோம்.

அவன் சற்று யோசித்தான். போவதற்கு முன் ஒரு வாரம் ஹட்டன் கடைத்தெருவில் மூட்டை சுமந்தானாம். அதற்கு முன்? மாலை வகுப்புக்குப் பணம் கட்டாமல் நின்றுவிட்டான். அதற்கு முன்? அவன் தாயாருக்கு மாதக்கணக்கில் பேர் விழவில்லை. அதற்கு முன்? கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மருமகன் கைச்சோற்றை வைத்துவிட்டு வெகுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “அவன் நம்பர் என்கிட்ட இருக்கு மாமா. நாளைக்குப் பேசுறேன்” என்றான்.

மறுநாள் பேசினான். அப்பையன் வரும் ஆண்டில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற விரும்புகிறானாம். பழைய வினாத்தாள்கள் கேட்டிருக்கிறான். மருமகன் தன் குறிப்பேடுகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். நேயர்களே, உங்கள் வகுப்பிலும் வெறுமையான இருக்கை ஒன்று இருக்கக்கூடும். கடைசிக் காட்சியை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறாதீர்கள். இன்னும் ஒரு காட்சி பின்னே சென்று பாருங்கள்.

அடுத்த ஞாயிறு மீண்டும் சந்திப்போம்.